மொய்க்கணக்கை மாற்றித் தருவதாகச் சொல்லி 42,000 ரூபாயை வாங்கிக்கொண்டு பெயர்களை அழித்துவிட்டார்கள்

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். 42,000 ரூபாய் போனது ஒரு பக்கம். 2011 முதல் நான் சேர்த்து வைத்திருந்த பெயர்கள் அத்தனையும் போய்விட்டன.

உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் விசேஷ வீடுகளில் கணினி வைத்து மொய் எழுதிக் கொடுப்பது என் தொழில். காதுகுத்து, கல்யாணம், புதுவீடு எதுவானாலும் ஊர், பெயர், தொகை என்று தமிழில் ஏற்றுவோம். மொய் வைத்தவருக்கு ரசீது, வீட்டுக்காரருக்கு முழுப் பட்டியல். எங்கள் பக்கம் மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். எத்தனை வருடம் கழித்தும் பட்டியலைத் தொலைத்தவர்கள், ‘அந்த ஊர்க்காரர் நமக்கு எவ்வளவு எழுதினார்?’ என்று என்னிடம் வந்து கேட்பார்கள்.

ஒரே முகூர்த்தத்தில் பல மண்டபங்களில் எழுத வேண்டியிருப்பதால், பழைய விண்டோஸ் கணினியில் இருந்த தரவுத்தளத்தை லினக்ஸ் சர்வருக்கு மாற்ற முடிவு செய்தேன். மதுரை நகருக்குள் கணினி விற்பனையும் சர்வீஸும் செய்யும் ஒரு கடை. மாற்றுவது, காப்புப் பிரதி எடுப்பது எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்று பேசினார்கள். “எங்கள் அப்பா மொய் நோட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார் அண்ணே, அதன் அருமை எனக்குத் தெரியும்” என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன்.

வேலை முடிந்தது என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு காதுகுத்தின் மொத்தத் தொகையை என் பழைய பட்டியலோடு ஒத்துப் பார்த்தோம். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகள். “தமிழ் எழுத்துரு இன்னும் ஏற்றவில்லை அண்ணே, நாளைக்குச் சரியாகிவிடும்” என்றார். கணக்கு பைசா சுத்தமாக நின்றதால் மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். 42,000 ரூபாயும் அவர் கைக்குப் போய்விட்டது.

எழுத்துரு என்று சொன்னது முழுப் பொய். கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கும் உறவினர் ஒருவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். எழுத்துரு இல்லையென்றால் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத் தெரியும், உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கும். ஒரு தமிழ் எழுத்து மூன்று ஐரோப்பியக் குறிகளாக உடைந்து தெரிந்தால், யுடிஎஃப்-8 (யுனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) தரவைத் தப்பாகப் படிக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியே தரவாக ஏறிவிட்டால் மீட்க ஒன்றும் இல்லை. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யுனிகோடில் ‘க’ என்பதன் எண் 2965. விண்டோஸில் ஆன்சி என்று ஒரு பழைய எழுத்துமுறை, இங்கே பயன்படும் அதன் பட்டியலில் மொத்தம் 256 இடம்தான், தமிழுக்கென்று ஆன்சி பட்டியலே விண்டோஸில் கிடையாது. அந்த முறையில் கோப்பைச் சேமித்தால் தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் (துணைக்கால், புள்ளிகூடத் தனிக் குறிதான்) தூக்கிவிட்டு 63 என்ற எண்ணை, அதாவது கேள்விக்குறியை, வைத்துவிடும். இலக்கங்கள் ஆன்சியில் உண்டு. தொகை மட்டும் தப்பிப் பிழைத்த காரணம் அதுதான். நோட்பேடில் தமிழ்க் கோப்பை ஆன்சியாகச் சேமிக்கப் போனால்கூட, எழுத்துகள் போய்விடும் என்று எச்சரிக்கை வரும். காசு வாங்கிய இவர்களுக்கு அது தெரியவில்லை.

இப்போது என் திரையில் மாயனுக்கும் ஐந்து கேள்விக்குறி, பேயனுக்கும் ஐந்து கேள்விக்குறி. இருவரும் 501 எழுதியிருந்தால் யார் யார் என்று எப்படிப் பிரிப்பது?

மறுநாள் கேட்டால் “உங்கள் பிரவுசரில் கோளாறு” என்றார்கள். பிறகு “ஆள் ஊருக்குப் போயிருக்கிறான்” என்றார்கள். அதற்கும் பிறகு “தமிழில் வைத்தால் இப்படித்தான் வரும், ஆங்கிலத்தில் வைத்திருக்க வேண்டும்” என்று என்னிடமே சொன்னார்கள். தமிழ் எழுத்து யுனிகோடில் ஏறி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது, மதுரையில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறார்கள்! சரி, பழைய கணினியையாவது கொடுங்கள் என்றேன். அதை ஃபார்மேட் செய்து புதிதாக விண்டோஸ் ஏற்றி, “சுத்தம் செய்து வைத்திருக்கிறோம்” என்று நீட்டினார்கள். யார் செய்யச் சொன்னது? காப்புப் பிரதி என்று கொடுத்த பென்டிரைவில் இருப்பதும் அதே கேள்விக்குறிக் கோப்பு. நேற்று சாயங்காலம், “பெயர்களைத் திரும்ப டைப் அடித்துக்கொள்ளுங்கள், 42,000 ரூபாய் செய்த வேலைக்குச் சரியாகப் போய்விட்டது” என்று போனை வைத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

இந்த வேலையை யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மொத்தத் தொகை ஒத்துப்போகிறது என்று காட்டினால் நம்பாதீர்கள், பெயர்களைப் படித்துப் பாருங்கள். எடுக்கும் கோப்பு, ஏற்றும் இணைப்பு, போய்ச் சேரும் அட்டவணை எல்லாம் யுடிஎஃப்-8 தானா என்று எழுதி வாங்குங்கள். தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்றால் யுடிஎஃப்8எம்பி4 என்ற அமைப்பைக் கேளுங்கள், மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளில் தானாக அமைந்திருப்பது தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1. பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

என்னிடம் மொய் எழுதிய வீட்டுக்காரர்களே, அச்சடித்துக் கொடுத்த பட்டியல் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நானே வந்து நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன்.