விளம்பரப் படங்களைப் போனிலேயே எடுத்துச் சேமித்து வந்த அனுபவம்

துணிப்பை தைத்து விற்கும் சின்னத் தொழில் என்னுடையது. விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், கேட்லாக், இணைய விளம்பரம் என எல்லாவற்றுக்கும் சில வருடங்களாக நானே படம் எடுக்கிறேன். தனிக் கேமரா கிடையாது. போன், டிரைபாட், ஜன்னல், வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுட் கணக்கு, இவ்வளவுதான். எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதுகிறேன்.

போன் கேமரா அச்சுக்குத் தாங்குமா என்று பலரும் கேட்கிறார்கள். தாங்கும். 12 மெகாபிக்சல் படம் என்பது 4000-க்கு 3000 பிக்சல். அச்சகத்தில் கேட்கும் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் ஏ4 தாளின் முழுப் பக்கத்துக்கு 3508-க்கு 2480 பிக்சல்தான் வேண்டும். பெரிய பேனரைத் தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள், அதற்கு 100 டிபிஐகூடத் தாராளம். 48, 50 மெகாபிக்சல் என்று சொல்லி விற்கும் போன்கள் பலவும் வழக்கமான மோடில் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. அதற்காக மட்டும் போனை மாற்ற வேண்டியதில்லை.

லென்ஸ் விஷயம் வேறு. போனின் முக்கிய லென்ஸ் வைட் லென்ஸ். பைக்குப் பக்கத்தில் போய் எடுத்தால் முன்பக்கம் உப்பித் தெரியும், பின்பக்கம் சுருங்கிப் போகும். நாலடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் பை பையாகவே இருக்கும். போர்ட்ரெய்ட் மோடைப் பொருள் படத்துக்குத் தொடுவதே இல்லை. கைப்பிடிக்கு நடுவில் தெரியும் பின்னணியை மங்கலாக்காமல் விட்டுவிடும், சில சமயம் கைப்பிடியின் விளிம்பையே தின்றுவிடும்.

உண்மையில் படத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் பையை வைத்து, எதிர்ப்பக்கம் தெர்மாகோலை நிறுத்தினால் நிழல் இளகிவிடும், தையல், துணியின் நெசவு எல்லாம் தெரியும். அறை விளக்கைக் கண்டிப்பாக அணைக்க வேண்டும். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500, மஞ்சள் விளக்கு 2700. இரண்டும் கலந்தால் பையின் ஒரு பக்கம் நீலம் பூத்து, மறுபக்கம் மஞ்சளாக நிற்கும். கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்று சரியானால் இன்னொன்று கெடும். இருட்டிய பிறகும் எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் எல்ஈடி விளக்கு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் சிஆர்ஐ, அதாவது அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்ற அளவு, 90-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அது குறைந்தால் சிவப்பு செத்துப்போகும்.

ஆட்டோ மோடுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வெள்ளைப் பையைச் சாம்பலாக்கும், கறுப்புப் பையை வெளுக்க வைக்கும், ஏனென்றால் எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. திரையில் பையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்துவிட்டு, வெளிச்சத்தைக் கையால் ஏற்றி இறக்குவதே வழி. டிரைபாட் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். மாதங்கள் கழித்துப் புது நிறம் வந்தாலும் அதே தூரம், அதே கோணம் கிடைப்பதால் கேட்லாக்கில் பழைய படமும் புதிய படமும் ஒட்டிப் போகின்றன.

எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுவது இப்போது கை வாகாகிவிட்டது. போன் படம் 4:3. விளம்பரத்துக்குச் சதுரம் ஒரு நாள், 9:16 நெடுக்குப் படம் மறுநாள், எழுத்துப் போட இடமும் வேண்டும். நெருக்கி எடுத்த படம் எதற்கும் உதவாது.

அச்சு பற்றி ஒரே சொல்: திரையில் பளீரென்று தெரியும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண மையில் மங்கும். மாதிரித் தாள் பார்க்காமல் மொத்தமாக அடிக்கச் சொல்வதில்லை.

சரி, சேமிப்புக்கு வருவோம். என் மதிப்பில் இந்த ஏற்பாட்டின் உயிரே இதுதான். ஒரு நல்ல படத்தை எடுக்க அரை மணி நேரம் போதும். அந்த ஒரிஜினல் எங்கே என்று அச்சகம் கேட்கும் நாளில் தேடுவதற்கு அது போதாது. பலரிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதி. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். போன் திரையில் வித்தியாசமே தெரியாது, தாளில் அடித்தால் தெரிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

ஒரிஜினலுக்கு ஒரு ஃபோல்டர், திருத்தியதற்கு ஒரு ஃபோல்டர், வெளியே அனுப்பியதற்கு ஒரு ஃபோல்டர். ஒரிஜினலின் மேல் எதையும் சேவ் செய்வதில்லை, ஜேபெக் படத்தைத் திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். கோப்புப் பெயரில் முதலில் வருடம், மாதம், தேதி, பிறகு பொருள், நிறம், எண். '2024-03-15-தோள்பை-நீலம்-02' என்பது போல. வருடம் முதலில் இருந்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். ஐபோன்காரர்களுக்கு ஒன்று: 2017 முதல் ஐபோன்கள் எச்இஐசி வடிவில் சேமிக்கின்றன. இடம் மிச்சம்தான், ஆனால் பழைய கணினிகளில் திறக்காது. வெளியே கொடுப்பதை ஜேபெக் ஆக்கிக் கொடுங்கள்.

கிளவுடை மட்டும் நம்பியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. கூகுள் போட்டோஸில் கணக்கில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போதுள்ள இலவச 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். அதைவிட முக்கியம், ஒத்திசைவு (சிங்க்) வேறு, பேக்கப் வேறு. போனில் அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அப்புறம் போயே போச்சு. அதனால் மூன்று பிரதி, இரண்டு வகை இடம், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு டிஸ்க் மேசையில், ஒன்று அக்கா வீட்டில், இன்னொரு பிரதி கிளவுடில். மேசையில் இருந்த டிஸ்க் ஒரு நாள் சத்தமில்லாமல் செத்தது. புதிதாக ஒன்று வாங்கி மறுபிரதி எடுத்ததோடு வேலை முடிந்தது. பென்டிரைவைக் கொண்டுபோக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் போன் கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுவது நல்லது. ஒரிஜினலை யாருக்காவது அப்படியே அனுப்பினால் வீட்டின் இடமும் கூடவே போகும். பையோடு நிற்கும் வாடிக்கையாளர் படம் என்றால் விளம்பரத்தில் போடலாமா என்று கேட்டு, அவர் அனுப்பும் பதிலைப் படத்தின் பக்கத்திலேயே அதே பெயரில் போட்டு வைக்கிறேன். பின்னால் அவர் வேண்டாம் என்றால் எந்தெந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்று உடனே தெரியும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்னும் கைவராதது வீடியோ. ஒரு நிமிட 4கே வீடியோ எத்தனையோ படங்களின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, பெயரிட்டுத் தேடுவதும் சிரமம். இப்போதைக்கு வெட்டித் தொகுத்ததையும் அதற்குப் பயன்பட்ட துண்டுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுகிறேன்.