என்ஜின் மவுண்ட்: ஒரிஜினலா, மார்க்கெட் பீஸா?

கோவை லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்றால் போதும், உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்ஸின் போர்டைப் படிக்க முடியாது. அப்படி ஒரு நடுக்கம். வண்டி நகர்ந்ததும் அடங்கிவிடும். ஒன்றே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய நான்கு சிலிண்டர் டீசல் கார்.

பெட்ரோல் வண்டி என்றால் முதலில் பிளக், காயில், த்ராட்டில் பாடியைப் பாருங்கள். என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்து ஆடினால், என்ஜினைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் மவுண்டைத் தொடவே வேண்டாம். எனக்கு முள் 800-ல் அசையாமல் நின்றது. சீட்டும் ஸ்டியரிங்கும்தான் நடுங்கின. நியூட்ரலில் 1,300-க்கு ஏற்றினால் நடுக்கம் போய்விடும். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்து, "மவுண்ட்தான்" என்றார்.

முதலில் கார் கம்பெனியின் ஒரிஜினல் இல்லாமல், வெளிக் கம்பெனி செய்யும் மார்க்கெட் பீஸ்தான் போட்டேன். விலை பாதிக்கும் குறைவு, அளவும் கச்சிதம். முதல் மாதம் சொர்க்கம். எட்டாவது மாதம் பழைய நடுக்கமே திரும்பி வந்தது. கழற்றி, பழைய ஒரிஜினலுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரிஜினலின் அடியில் கருப்பாகப் பிசுக்கு வழிந்திருந்தது. உள்ளே திரவம் அடைத்த மவுண்ட் அது; கிழிந்ததால் கசிந்திருக்கிறது. மார்க்கெட் பீஸில் கசிய எதுவுமே இல்லை, வெறும் ரப்பர். 800 ஆர்பிஎம்மில் விநாடிக்கு ஏறக்குறைய 27 முறை சிலிண்டர்களுக்குள் டீசல் வெடித்து எரிகிறது. அத்தனை அதிர்வையும் அந்த ரப்பரே வாங்கி வாங்கி இறுகிப்போயிருந்தது, நகம்கூடப் பதியவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது கூலி. எந்த மவுண்ட் போட்டாலும் என்ஜினுக்கு ஜாக்கி கொடுத்துத் தாங்கவேண்டும், பிராக்கெட் கழற்றவேண்டும். வேலை ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். இரண்டு தடவை கூலி கொடுத்ததில், மலிவு பீஸில் மிச்சம் பிடித்தது போய் மேலேயும் செலவானது. பிறகு ஒரிஜினலே போட்டுவிட்டேன். பதினான்கு மாதம் ஆகிறது, பஸ் போர்டு தெளிவாகத் தெரிகிறது. இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன். முதல் ஒரிஜினல் லட்சம் கிலோமீட்டர் தாண்டியது.

பாலியூரித்தேன் மவுண்ட் போட்ட நண்பரின் காரில் ஒரே ஒரு மாலை போயிருக்கிறேன். சீக்கிரம் கிழியாதாம். ஆனால் கெட்டியான பொருள், நிற்கும்போது அதிர்வு அப்படியே சீட்டுக்கு வருகிறது. வீட்டு வண்டிக்கு நான் போட மாட்டேன்.

எதைப் போட்டாலும் கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், ஜாக்கியை இறக்கி என்ஜின் பாரம் மவுண்டில் உட்கார்ந்த பிறகு போல்ட்டைக் கடைசியாக முறுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் புது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்.