மருத்துவமனை நிர்வாகத்துக்கு எந்தப் பட்டம்? வட சென்னை மாணவர்களுக்கான மூன்று வழிகள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் பல வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. மருத்துவர் ஆகும் வாய்ப்பு இல்லை, ஆனால் மருத்துவமனையில் மதிப்பான வேலை வேண்டும்; அதற்கு எதைப் படிப்பது? முன்னே இருக்கும் வழிகள் மூன்று. பி.பி.ஏ. மருத்துவமனை மேலாண்மை என்னும் மூன்றாண்டுப் பட்டம் ஒன்று. ஸ்கேன், டயாலிசிஸ் போன்ற பிரிவுகளில் மருத்துவருக்குத் துணைநிற்கும் பணிகளுக்கான துணை மருத்துவப் பட்டங்கள் இன்னொன்று. பி.காம். போன்ற பொதுப் பட்டத்தை முடித்துவிட்டு எம்.எச்.ஏ. என்னும் இரண்டாண்டு மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்புக்குச் செல்வது மூன்றாவது. பெரும்பாலோர் பி.பி.ஏ.வைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். செலவையும் அதன்பின் கிடைக்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கும்போது, அதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பி.பி.ஏ.வில் கற்பிக்கப்படுபவை பயனற்றவை அல்ல. மருத்துவக் கலைச்சொற்கள், கணக்கியல், காப்பீடு, மருத்துவப் பதிவேடுகள், 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், மருத்துவமனைகளுக்கான என்.ஏ.பி.எச். தர அங்கீகாரம் என்று பாடத்திட்டம் விரிவாகவே இருக்கிறது. ஆனால் படித்து முடித்தவர் முதலில் அமரும் இடம் ஃப்ரண்ட் ஆபீஸ், பில்லிங், இன்சூரன்ஸ் டெஸ்க் ஆகிய மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். அந்த வேலையின் தன்மையை அறிய ஒரு டிஸ்சார்ஜைப் பார்த்தால் போதும். காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதன்பின் டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகிக் கையெழுத்தாக வேண்டும், வார்டில் மிஞ்சிய மருந்துகள் பார்மசிக்குத் திரும்ப வேண்டும், நிலுவையிலுள்ள பரிசோதனை முடிவுகள் வந்து சேர வேண்டும், இறுதி பில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய் ஒப்புதல் வர வேண்டும். காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் கேஷ்லெஸ் சிகிச்சையில் இந்த இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கூறியுள்ளது. ஆயினும் சம்மரியில் எழுதிய நோயின் பெயரும் காப்பீட்டு நிறுவனம் தந்த முன் அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் வேறுபட்டால் கேள்வி திரும்பி வரும். அதற்குள் நோயாளியின் உறவினர்கள் கவுன்டருக்குப் பலமுறை வந்து போயிருப்பார்கள். அந்த வேறுபாட்டைக் காலையிலேயே கண்டுபிடிப்பவர்தான் நல்ல நிர்வாகி. அந்தத் திறன் நோயைப் பற்றிய அறிவிலிருந்தும் கணக்கைப் பற்றிய அறிவிலிருந்தும் வருகிறது. பி.பி.ஏ. இரண்டிலும் சிறிது தருகிறது. எதிலும் ஆழமாகத் தருவதில்லை.

அரசுத் துறையைக் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகிறது. வட சென்னையின் பெரிய மருத்துவமனையான ஸ்டான்லியில் டீன் பொறுப்பிலும் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலர் பொறுப்பிலும் மருத்துவர்களே இருக்கிறார்கள். செவிலியர் பிரிவை நிர்வகிப்பவர் செவிலியராக இருந்து உயர்ந்தவர். மருத்துவமனை நிர்வாகத்தில் எய்ம்ஸ் தரும் முதுநிலைப் படிப்பும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கே உரியது. 2012இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர், ஆய்வக நுட்புநர், கதிர்ப்பட நுட்புநர் போன்றோரைத் தேர்வு செய்கிறது. பி.பி.ஏ. படித்தவர் அரசு வேலை வேண்டுமென்றால் மற்ற எந்தப் பட்டதாரியையும் போல டி.என்.பி.எஸ்.சி. தேர்வுதான் எழுத வேண்டும். சேரும் முன்பே பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த மாணவருக்கு நான் தயங்காமல் சொல்வது துணை மருத்துவப் பட்டத்தைத்தான். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட், ரேடியோகிராஃபி, டயாலிசிஸ், அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் நுட்பம் எனப் பல பி.எஸ்சி. படிப்புகள் உள்ளன. மூன்றாண்டுப் பாடத்தோடு ஓராண்டு பயிற்சி கட்டாயம். அந்த ஓராண்டில் மாணவர் வார்டில் நிற்கிறார், நோயாளியைத் தொடுகிறார், ஒரு மருத்துவமனை இரவு இரண்டு மணிக்கு எப்படி இயங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறார். பின்னால் நிர்வாகத்துக்கு வரும்போது அந்த ஓராண்டை வேறு எதனாலும் ஈடுசெய்ய முடியாது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டு தேசியச் சட்டம் இவர்களுக்குத் தனி ஆணையத்தையும் பதிவு முறையையும் வகுத்திருக்கிறது. மருத்துவப் பதிவேடு மற்றும் தகவல் மேலாண்மைத் துறையும் அதில் அடங்கும். நிர்வாகத்தில் ஆர்வமும் உயிரியல் பின்னணியும் சேர்ந்து உள்ளவர் பதிவேட்டு அறிவியல் பட்டத்தைக் கவனிக்கலாம். அந்தப் பயிற்சிக்கு வேலூர் சி.எம்.சி. நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. நோயையும் சிகிச்சையையும் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் நிறுவனங்களும் உயிரியல் சார்ந்த பட்டதாரிகளையே அதிகம் நாடுகின்றன. குறையும் உண்டு. ஷிப்ட் வேலை உடலை வாட்டும். ஒரே கருவியோடு பத்தாண்டுகள் கழிந்துவிடும் அபாயமும் இருக்கிறது. பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் எம்.எச்.ஏ.வுக்குத் திரும்பிவிடுவது இதற்கு நல்ல மாற்று.

வணிகவியல் குரூப் எடுத்தவர்களுக்கு இந்தக் கதவு மூடியே இருக்கிறது. நம் பகுதிப் பள்ளிகளில் அந்தக் குரூப்பில் படிப்பவர்கள் ஏராளம் என்பதால் அவர்களுக்குச் சரியான வழி எது என்பதே இந்த ஒப்பீட்டின் முக்கியமான பகுதி. தனியார் கல்லூரிகளில் பி.பி.ஏ.வுக்காகக் கேட்கப்படும் கட்டணத்தை, இங்குள்ள பி.காம். கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ஆர்.கே. நகர் அரசுக் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி ஆகியவை வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மூன்றாண்டுகளில் இப்படி மிச்சமாகும் பணம் எம்.எச்.ஏ.வுக்குப் பெரும் கைகொடுக்கும். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.எச்.ஏ.வுக்கு எந்தத் துறைப் பட்டமும் போதும், பி.பி.ஏ. படித்தவருக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. இரு வழிகளும் ஒரே வாசலில்தான் சேர்கின்றன என்றால், முதல் மூன்றாண்டுகளுக்கு ஏன் அதிகம் செலவழிக்க வேண்டும்?

பி.காம். படித்தவருக்கு மருத்துவமனையில் வேலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. மருத்துவச் சேவைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. இல்லாவிட்டாலும், ஐ.சி.யூ. அல்லாத அறைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை வாங்கினால் அதற்கு 5 சதவீதம் வரி என்று 2022 ஜூலையில் விதி வந்தது. இதைப் பில்லில் சரியாகக் காட்டவும், மருந்துக் கொள்முதலைத் தணிக்கை செய்யவும் கணக்கியல் ஆழமாகத் தெரிந்தவரே வேண்டும்.

பயண நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு நகருக்குள் போவது எளிதாகிவிட்டது. ஆனால் பல தனியார் வளாகங்கள் போரூர், பொத்தேரி, கேளம்பாக்கம் பக்கம் இருக்கின்றன. எண்ணூரிலிருந்து அங்கு தினமும் போய்வரும் மாணவருக்கு மருத்துவமனையில் பகுதிநேர வேலை பார்க்க நேரம் மிஞ்சாது, பி.காம். மாணவருக்கு மிஞ்சும். உள்ளூர் நர்சிங் ஹோமில் மாலை நேர பில்லிங் வேலையில் ஓராண்டு இருந்தவர் நேர்காணலில் தனித்துத் தெரிகிறார்.

பி.பி.ஏ.வைத் தேர்ந்தெடுக்கத் தகுந்த சூழல் ஒன்று உண்டு. கல்லூரிக்குச் சொந்தமாக, பல நூறு படுக்கைகள் கொண்ட, உண்மையில் நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை இருந்து, ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் அங்கே பதிவேட்டுத் துறை, கொள்முதல், தரப் பிரிவு என்று முறை வைத்துப் பணிபுரிந்தால் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு கூடுகிறது. சேரும் முன் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைச் சந்தித்து, எந்தெந்தத் துறையில் எத்தனை வாரம் இருந்தார் என்று கேளுங்கள். ஹெல்ப் டெஸ்கில் நின்று வழிகாட்டியதை மட்டும் சொன்னால் வேறு கல்லூரி பாருங்கள். 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் வரம்புக்குள் வந்திருப்பதால் அந்த ஒப்புதலையும் சரிபார்க்க வேண்டும்.

ஏற்கெனவே பி.பி.ஏ.வில் சேர்ந்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் நடைமுறையையும் எக்செலையும் இரண்டாம் ஆண்டுக்குள் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே தெலுங்கோ இந்தியோ பேசப் பழகுங்கள். ஆந்திர எல்லையிலிருந்து வரும் நோயாளிகளும் சௌகார்பேட்டைக் குடும்பங்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் நிறைந்த இப்பகுதியில், காப்பீட்டு மறுப்புக் கடிதத்தை அவரவர் மொழியில் விளக்கிச் சொல்லத் தெரிந்தவரை எந்த மருத்துவமனையும் எளிதில் விட்டுவிடுவதில்லை.