காமிக்ஸ் வாங்குதல்: தனி இதழ், தொகுப்பு, குண்டு புத்தகம்

அமெரிக்கக் காமிக்ஸின் வழக்கமான தனி இதழ் 32 பக்கம் கொண்டது. அதில் கதை 20 முதல் 22 பக்கம்தான், மீதியெல்லாம் விளம்பரங்களும் அறிவிப்புகளும். கால் மணி நேரத்தில் படித்து முடித்துவிட்டு, அடுத்த பகுதிக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். வாசிப்பதற்காக மட்டுமே வாங்குவோருக்கு இதைவிடக் கட்டுப்படியாகாத வடிவம் இல்லை.

ஐந்தாறு இதழ்களை விளம்பரம் நீக்கிச் சேர்த்து வெளியிடும் மெல்லட்டைத் தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். கதை பெரும்பாலும் ஒரே புத்தகத்தில் முடிந்துவிடுகிறது, கையில் பிடித்தும் படிக்க முடிகிறது. ஆனால் ஒரே கதையைப் புதிய அட்டையிலும் புதிய தலைப்பிலும் மறுபடி விற்பது பதிப்பகங்களுக்குக் கைவந்த கலை என்பதால், எந்தத் தொடரின் எந்தெந்த எண் இதழ்கள் இதில் அடங்கியுள்ளன என்று பதிப்புரிமைப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

ஆம்னிபஸ் எனப்படும் குண்டு புத்தகத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. பல நூறு பக்கம், சில வேளைகளில் ஆயிரத்தையும் தாண்டும். பக்கக் கணக்கில் பார்த்தால் மலிவுதான். படுத்துக்கொண்டு படிக்கும் பழக்கமுள்ளவர்கள் மட்டும் மார்பெலும்பை நினைத்துப் பார்க்கட்டும். அதைவிட முக்கியமானது பைண்டிங். புத்தகத்தை நடுவில் விரித்து, முதுகின் மேல்முனையைக் கவனித்தால், தாள்கள் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தைக்கப்பட்டுள்ளனவா, வெட்டிய ஓரத்தில் பசை மட்டும் தடவப்பட்டுள்ளதா என்பது தெரிந்துவிடும். பசை மட்டுமே என்றால் புத்தகம் தட்டையாக விரியாது. இரண்டு பக்கங்களுக்குப் பரவிய ஓவியத்தின் நடுவே நிற்கும் பாத்திரத்தின் பாதி முகம் மடிப்புக்குள் போய்விடும். அழுத்தி விரித்தால் தாள் கழன்று கையோடு வரும்.

தாளும் கவனிக்க வேண்டிய ஒன்றே. பழைய காமிக்ஸ் மட்டமான செய்தித்தாள் காகிதத்துக்கென வண்ணமிடப்பட்டவை. அந்த அடர் நிறங்கள் பளபளக்கும் வெள்ளைத் தாளில் கண்ணைக் குத்துகின்றன. விலை கூடிய பதிப்பே பார்வைக்கு மோசமாக இருப்பது இவ்விடத்தில்தான். இதே கதைகளின் கறுப்பு வெள்ளைத் தொகுப்புகள் மலிவானவை, அழுத்தமான மைக்கோடுகள் கொண்ட ஓவியத்துக்குப் பொருத்தமானவை. வண்ணத்தை நம்பி வரைந்த கதைகள் மட்டும் அவற்றில் சோபிப்பதில்லை. ஜப்பானியக் காமிக்ஸான மங்காவோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக்கென்றே வரையப்படுவதால், ஏறத்தாழ 200 பக்கத் தொகுதி ஒன்றில் வாசகர் இழப்பது ஏதுமில்லை.

பிற்காலத்தில் விலை ஏறும் என்ற எண்ணத்தில் வாங்குவோர், 1991இல் ஐந்து விதமான அட்டைகளுடன் வெளிவந்த எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ தொடரின் முதல் இதழை நினைவில் கொள்வது நல்லது. 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் கடைகளுக்குப் போயின. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அது இன்றளவும் அரிய பொருளாகவில்லை. 1938இல் வெளிவந்த, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் இன்று கோடிகளில் விலை போவதற்குக் காரணம், அன்று அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் படித்துவிட்டு எறிந்ததே.

மின்வடிவம் மலிவானது, அலமாரியில் இடமும் கேட்காது. எனினும் பல தளங்களில் நாம் பெறுவது வாசிக்கும் உரிமம் மட்டுமே; அதை நண்பருக்கு இரவல் தரவோ பழைய புத்தகக் கடையில் விற்கவோ இயலாது. ஒருமுறை மட்டும் படிக்கப்போகும் நெடுந்தொடர்களுக்கு அதுவே போதும்.