கட்டிலை ஒட்டி நிற்கும் குழந்தைத் தொட்டில்: வாங்கலாமா?

பிரசவத்துக்கு முன் நாங்கள் அதிகம் யோசித்து வாங்கிய பொருள் பெட்சைடு தொட்டில்தான். நம் கட்டிலின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் சின்னத் தொட்டில் அது. ஜிப்பைத் திறந்தால் ஒரு பக்கச் சுவரைக் கீழே மடித்துவிடலாம். குழந்தை தன் படுக்கையில், நாம் நம் படுக்கையில், நடுவே கை நீட்டும் தூரம். மகளுக்கு இப்போது ஆறாவது மாதம் நடக்கிறது. தொட்டிலின் வேலை முடிந்துவிட்டதால் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

அந்த மாதங்களில் எந்தக் குழந்தைப் பொருளைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: அரைத்தூக்கத்தில், மங்கலான வெளிச்சத்தில், ஒரே கையால் இதைக் கையாள முடியுமா? பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதற்கு இரவு, பகல் கணக்கெல்லாம் கிடையாது. நம் ஒரு கை எப்போதும் அதைப் பிடித்தபடியே இருக்கும். பகலில் கடை வெளிச்சத்தில், இரண்டு கையும் சும்மா இருக்கும்போது எல்லாப் பொருளும் அழகாகத்தான் தெரியும்.

தொட்டில் அந்தத் தேர்வில் பெரும்பாலும் தேறியது. எனக்கு சிசேரியன். ஆரம்ப நாட்களில் எழுந்திருப்பதென்றால் முதலில் ஒருக்களித்து, பிறகு முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர வேண்டும். குழந்தை சிணுங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாமல், படுத்தபடியே நெஞ்சில் கை வைத்துத் தட்டிக்கொடுக்க முடிந்தது. பாதி சிணுங்கல் அதிலேயே அடங்கிவிடும். வலைத்துணிச் சுவர் என்பதால் தலையைத் தூக்காமலே முகம் தெரியும். இதற்காகவே வாங்கலாம் என்பேன்.

தேறாத இடம் ஜிப். நடு இரவில் அதைத் திறந்தால் வருகிற ‘சர்ர்ர்’ சத்தத்துக்கு, தூங்க வைத்த குழந்தை கண்ணை விழித்துப் பார்க்கும். வடிவமைத்தவர்கள் வீட்டில் குழந்தையே இல்லையோ என்று தோன்றும். படுக்கப் போகும்போதே திறந்து மடித்து வைத்துவிடுவது எங்கள் வழக்கமானது. ஆனால் தொட்டில் கட்டிலோடு பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தால் மட்டுமே சுவரை இறக்கலாம். இரண்டு மெத்தைக்கும் நடுவே இடைவெளி துளியும் இருக்கக் கூடாது. கடையில் யாரும் இதை அழுத்திச் சொல்லவில்லை. குறிப்புப் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வாங்கும் முன் ஒரு இஞ்சு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேல்பரப்பு வரை எவ்வளவு உயரம் என்று அளந்து, தொட்டிலின் உயர நிலைகளில் ஏதாவது ஒன்று அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல மாடல்களில் தொட்டிலின் கால் கட்டிலுக்கு அடியே நுழைந்தால்தான் ஒட்டி நிற்கும். சாமான் வைக்கும் பெட்டியோடு தரை வரை மூடிய கட்டில் என்றால் அந்தக் கால் முட்டிக்கொண்டு நிற்கும்.

கூடவே வரும் மெத்தை மெல்லியது, நல்ல கெட்டி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். “பலகையில போட்டு வச்சிருக்கியேடி” என்றார் அம்மா. குழந்தைக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், கெட்டியான சமதளத்தில், மல்லாந்து படுக்க வைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை. தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். சுற்றிலும் கட்டுகிற பஞ்சுத் தடுப்பும் வேண்டாம். மூச்சுத் திணறும் ஆபத்தால் அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே அதன் விற்பனையைத் தடை செய்தார்கள். எனவே ‘கூடுதல் மென்மை’ என்று தனியாக விற்கிற மெத்தைக்குக் காசு கொடுக்காதீர்கள். எலாஸ்டிக் வைத்த விரிப்பு இன்னும் இரண்டு வாங்குங்கள். பெட்டியில் ஒன்றுதான் இருக்கும். அது எப்போதும் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

பெட்டியின் மேல் 9 கிலோ வரை என்று போட்டிருந்தது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். குழந்தை புரள ஆரம்பித்தாலோ, கையை ஊன்றி எழும்பினாலோ எடை எவ்வளவாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்தாம் மாதத்திலேயே அந்த நாள் வந்துவிட்டது. ஆகவே விலையை நான்கைந்து மாதத்தால் வகுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். படுக்கையறை பெரிதாக இருந்து, எழுந்து நடப்பதிலும் சிரமம் இருக்காதென்றால், நேரடியாகப் பெரிய தொட்டிலையே வாங்கிப் பக்கத்தில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

அதே ஒரு கைத் தேர்வை மற்றதற்கும் வைத்தேன். உடைகளில், கீழிருந்தும் திறக்கக்கூடிய ஜிப் வைத்தது தேறியது. வரிசையாக அழுத்து பட்டன் வைத்தது இருட்டில் ஒரு பட்டன் தள்ளிப்போய், கடைசியில் ஒரு கால் மட்டும் வெளியே நிற்கும். தொப்புள் கொடி விழ ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம். அதுவரை தலை வழியாக மாட்டாமல் முன்பக்கம் மடித்துக் கட்டும் சட்டைதான் வசதி. நியூபார்ன் அளவு டயப்பர் ஒரு பாக்கெட் போதும். குழந்தை என்ன எடையில் வரும், எத்தனை சீக்கிரம் வளரும் என்று யாருக்குத் தெரியும்? டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும்: மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் தொட்டுவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், அப்போது கடைக்கு ஓட முடியாது. காரில் வீடு திரும்புவதாக இருந்தால் பின்னோக்கி அமரும் கார் சீட்டும் முன்கூட்டியே தயாராக வேண்டும். விபத்தில் அடிபட்டதா என்று தெரியாத பழைய சீட் வேண்டாம்.

பால் எடுக்கும் பம்ப், புட்டி வகையறா எல்லாம் பிறந்த பிறகு தேவையைப் பார்த்து வாங்கலாம். ஈரத்துணியைச் சூடாக்கும் மெஷின், காலணி இரண்டையும் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தொட்டிலைத் தங்கைக்குக் கொடுப்பதாக இருந்தேன். “என் கட்டில் பெட்டிக் கட்டில்க்கா, கால் நுழையாது” என்று அவளே அளந்து பார்த்துச் சொல்லிவிட்டாள். அலுவலகத் தோழிக்குப் போகிறது. திருகுகள், பட்டைகள், குறிப்புப் புத்தகம் எல்லாம் ஒரே உறையில் போட்டு மெத்தையோடு கட்டி வைத்திருக்கிறேன். புது விரிப்பு மட்டும் அவள் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எங்களுடையதில் பால் கறை போகவில்லை.