பச்சை முத்திரை: ஒரு பின்னணிச் சரிபார்ப்புச் சேவை பற்றிய மதிப்புரை

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கும், வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கும், அண்மைக்காலமாகத் தனிநபர்களுக்கும் ஒருவரின் பின்னணியைச் சரிபார்த்துத் தரும் இணையவழிச் சேவை ஒன்றை நான் இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்த்திருக்கிறேன். முதல் முறை, ஒருவரைப் பற்றி விசாரிக்க அவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். இரண்டாம் முறை, அதே மனிதரைப் பற்றி அறிக்கை கேட்டு நான் அவர்களுக்குப் பணம் கட்டினேன். இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர், தனியாக வசித்த முதியவர்கள் இருவரைக் கொன்ற வழக்கில் கைதாகியிருந்தார். பின்னர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ இதே முறையில்தான் வேலை செய்கிறார்கள் என்பதால், பெயர் தெரிந்து வாசகருக்கு ஆகப்போவதும் அதிகமில்லை.

அவர் ஆறு ஆண்டுகள் என்னோடு ஒரே அலுவலகத்தில், ஒரே பிரிவில் வேலை பார்த்தார்; அதில் நான்கு ஆண்டுகள் எங்கள் வீட்டுக்கு மேல்தளத்தில் குடியிருந்தார். எங்கள் ஏணியை இரவல் வாங்கிப் போனால், திருப்பித் தரும்போது படிகளை ஈரத்துணியால் துடைத்துத்தான் தருவார். செய்தி வெளியான அன்று மாலையே என் மனைவி பேச்சில் ‘அவன்’ என்று மாற்றிக்கொண்டார். எனக்கு அது இன்னும் வாயில் வரவில்லை. இதை எழுதும்போதும் ‘அவர்’ என்றே விரல் தட்டுகிறது. மரியாதையால் அல்ல, ஆறு ஆண்டுப் பழக்கத்தால். திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

கைதான ஒருவரைப் பற்றிப் பின்னணி அறிக்கை வாங்குவதில் பொருளில்லை என்பது எனக்கும் தெரியும். கைது நடந்த ஒன்பதாம் நாள், தூக்கம் வராத ஓர் இரவில், இந்தச் சேவையின் தளத்தைத் திறந்து அவர் பெயரைப் பதிந்தேன். நான் கவனிக்கத் தவறிய ஏதோ ஒரு வரி எங்கோ எழுதப்பட்டு இருந்திருக்கும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனம் அடங்கும் என்ற எண்ணம்தான் காரணம். ஆகவே இந்த மதிப்புரை, அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு வெளியே அதைப் பயன்படுத்திய ஒருவனுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பதிவு செய்யும் முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலைவாய்ப்புக்கான விரிவான அறிக்கைக்குச் சம்பந்தப்பட்டவரின் ஒப்பமிட்ட சம்மதப் படிவம் வேண்டும். அது இல்லாமல் அவர்கள் நகர்வதில்லை, அது சரியும்கூட. தனிநபர்களுக்கான எளிய தொகுப்பில் பொதுவில் கிடைக்கும் பதிவுகளை மட்டும் தேடுகிறார்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, முந்தைய முகவரிகள் ஆகியவற்றைக் கேட்டார்கள். பிறந்த தேதி எனக்கு மனப்பாடம், ஏனெனில் அலுவலகத்தில் ஆண்டுதோறும் அந்த நாளில் பணம் திரட்டியவன் நான். முந்தைய முகவரியும் தெரியும், ஏனெனில் அங்கிருந்து அவர் வீடு மாறியபோது பெட்டிகளை ஏற்றி இறக்கியவர்களில் நானும் ஒருவன். படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் எதையும் தேடிப் பார்க்காமலேயே நிரப்பி முடித்தபோது, ‘இவரை உங்களுக்கு எந்த அளவு தெரியும்?’ என்று கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. ‘மிக நன்றாக’ என்பதைத் தேர்வு செய்தேன். வேறு எதைத் தேர்வு செய்திருக்க முடியும் என்று இன்றும் தெரியவில்லை.

நான்கே நாளில் பிடிஎஃப் கோப்பாக அறிக்கை வந்து சேர்ந்தது. ஏழு பக்கங்கள், தெளிவான அமைப்பு. அடையாளம் பொருந்துகிறது, முகவரி பொருந்துகிறது, நீதிமன்றப் பதிவுகளில் எதுவும் இல்லை, தேடப்படுவோர் பட்டியல்களில் இல்லை, ஊடகச் செய்திகளில் இல்லை. முதல் பக்கத்தின் வலது மேல் மூலையில், நாணய அளவில் ஒரு பச்சை வட்டமும் அதற்குள் ஒரு சரிக்குறியும் இருந்தன. அந்த நேரத்தில் அவர் காவலில் இருந்து பதின்மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

கோபத்தோடு எழுதிய என் மின்னஞ்சலுக்கு வாடிக்கையாளர் சேவையிலிருந்து பொறுமையான பதில் வந்தது. நீதிமன்றத்தில் பதிவாகிய வழக்குகளையே அவர்களால் பார்க்க முடியும்; புலனாய்வு நிலையில் இருக்கும் கைது அந்தத் தரவுகளுக்குள் வந்து சேராது. செய்திகளில் அவருடைய பெயர் முதலெழுத்து இல்லாமலும் வேறு எழுத்துக்கூட்டலிலும் வந்திருந்ததால், அவர்களுடைய மென்பொருள் அதை வேறொரு ஆளாகக் கருதிவிட்டது. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு கட்டணமின்றி மறுபடியும் தேடித் தருவதாகச் சொன்னார்கள், சொன்னபடியே செய்தார்கள். மாதங்கள் கழித்து வந்த அந்த இரண்டாவது அறிக்கையில் வட்டம் சிவப்பாக இருந்தது. நாளேடு படிக்கும் எவருக்கும் அதற்கு வெகுநாள் முன்பே தெரிந்த செய்தி அது.

பெயர் பொருந்தாமல் போவது சின்ன விஷயமில்லை. இங்கிலாந்தின் சோஹம் என்னும் ஊரில் 2002 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹண்ட்லி, அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு பள்ளியின் பராமரிப்பாளராக நியமிக்கப்பட்டிருந்தார். நியமனத்தின்போது காவல்துறைச் சரிபார்ப்பும் நடந்தது. ஆனால் அவர் பயன்படுத்திய இரண்டு குடும்பப் பெயர்களில் ஒன்றை மட்டுமே வைத்துத் தேடினார்கள். வேறொரு பகுதியின் காவல்துறைக்கு முன்பே வந்திருந்த பாலியல் குற்றச்சாட்டுகள் எதுவும் தண்டனையில் முடியவில்லை என்பதால், அந்தத் தகவல்களும் வேண்டிய இடத்தை வந்தடையவில்லை. 2004 ஜூனில் வெளியான பிச்சார்ட் விசாரணை அறிக்கை இவற்றையெல்லாம் வரிசையாக எடுத்துச் சொன்னது. அந்நாட்டின் இன்றைய சரிபார்ப்பு முறையின் பெரும்பகுதி அதன் பிறகு உருவானதே. ஒரு படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

பதிவு இருந்தும் பயன்படாமல் போன கதையும் உண்டு. சிகாகோவில் முப்பத்துமூன்று பேரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஜான் வெய்ன் கேசி, 1968இலேயே அயோவா மாநிலத்தில் ஓர் இளைஞனுக்கு இழைத்த பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். அப்படியிருந்தும் 1978 மே மாதம் ஓர் ஊர்வலத்தின்போது, அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி ரோசலின் கார்ட்டரோடு கைகுலுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். உடையில், அதிபரின் குடும்பத்துக்குக் காவல் நிற்கும் ‘சீக்ரெட் சர்வீஸ்’ அமைப்பின் சிறப்பு அனுமதி பெற்றவர்கள் அணியும் ‘எஸ்’ என்ற எழுத்துப் பொறித்த சின்னம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் கைதானபோது, உடல்களில் பெரும்பாலானவை அவர் வீட்டின் தரைக்கு அடியிலேயே இருந்தன. அந்தச் சின்னத்தைப் பற்றிப் படித்தபோது, என் பிடிஎஃப் கோப்பின் பச்சை வட்டம்தான் நினைவுக்கு வந்தது.

இந்தச் சேவையை முற்றாகத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காக, சம்மதப் படிவத்தில் நானே ஒப்பமிட்டு என்னைப் பற்றியும் ஒரு விரிவான அறிக்கை வாங்கினேன். கல்விச் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டுச் சரிபார்த்திருந்தார்கள்; இதற்கு முன் வேலை பார்த்த இடத்திலிருந்து நான் விலகிய தேதியை என் தன்விவரக் குறிப்பில் ஒரு மாதம் தள்ளி எழுதியிருந்ததைக்கூடக் கண்டுபிடித்து, மஞ்சள் வட்டம் போட்டுவிட்டார்கள். ஆக, எனக்கு மஞ்சள், அவருக்குப் பச்சை. சிரிப்பதா என்று தெரியவில்லை என்றாலும், அவர்களுடைய வேலை நேர்த்தியானது என்பதை அது காட்டுகிறது. போலிச் சான்றிதழ், இல்லாத அனுபவம், மறைத்த கடன் வழக்கு ஆகியவற்றைப் பிடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது கொடுக்கும் பணத்துக்குத் தகுந்த சேவை.

என் மனத்தாங்கல் அவர்களுடைய விளம்பரத்தின் மீதுதான். உங்கள் அருகில் இருப்பவர் யார் என்பதை முழுமையாக அறிந்து நிம்மதியாக உறங்கலாம் என்ற பொருளில் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் இதுவரை பிடிபட்டிருக்கிறாரா என்பதைத்தான் அந்த அறிக்கை சொல்லும். அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 1974இலிருந்து 1991 வரை பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர், 2005 பிப்ரவரி வரை பிடிபடவில்லை. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அவர் குடும்பத்தலைவர், தேவாலய நிர்வாகக் குழுவின் தலைவர். அதில் பதினான்கு ஆண்டுகள், வீடுகளுக்குத் திருட்டு எச்சரிக்கைக் கருவி பொருத்தித் தரும் நிறுவனத்தில் ஊழியர். ஊரைப் பிடித்திருந்த பயம் இவரால் வந்தது. அந்தப் பயத்துக்கு மருந்தாக ஊர் வாங்கிய கருவியை விற்ற நிறுவனத்திலேயே இவருக்கு வேலை. பிடிபடாத ஒருவர் பதிவேடுகளில் நல்லவராகவே இருப்பார்; அதைச் சேவையின் குறை என்று சொல்ல முடியாது. அந்தப் பதிவேட்டை ‘முழுமை’ என்று விற்பதுதான் குறை.

பதிவேடு எட்டாத இடத்தை நிரப்புவதற்காகத்தான், விரிவான தொகுப்பில் ‘நற்சான்று விசாரணை’ என்ற பகுதியை வைத்திருக்கிறார்கள். அதாவது, பழகியவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது. கைதுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவர் வேறு நிறுவனத்தில் வேலைக்கு முயன்றபோது, அந்தப் பகுதிக்காகத்தான் இந்தச் சேவையிலிருந்து என்னை அழைத்தார்கள். எத்தனை ஆண்டுகளாகத் தெரியும், பொறுப்பானவரா, நேர்மையில் ஐயம் உண்டா, வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் அவரோடு வேலை செய்வீர்களா என்று நான்கு கேள்விகள். நான் நான்குக்கும் பதில் சொன்னதோடு நிற்கவில்லை. அலுவலகத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது இரவு முழுக்க மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருந்ததையும், வயதானவர்களிடம் அவருக்கு இருந்த தனிப் பொறுமையையும் கேட்காமலேயே எடுத்துச் சொன்னேன். வயதானவர்களிடம் தனிப் பொறுமை. அந்தச் சொற்கள் அவர்களுடைய ஏதோ ஒரு கோப்பில் இன்னும் இருக்கும். அவற்றை நீக்க முடியுமா என்று பின்னர் எழுதிக் கேட்டேன். நற்சான்றுகள் கொடுத்த நாளின் நிலவரப்படி பாதுகாக்கப்படும், பின்னால் திருத்தப்படுவதில்லை என்று பதில் வந்தது.

நான் பொய் சொல்லவில்லை. அவர் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தது உண்மை. ஏணியைத் துடைத்துக் கொடுத்ததும் உண்மை. மனிதர்கள் பொய்யை எந்த அளவு கண்டுபிடிக்கிறார்கள் என்று நடந்த ஆய்வுகளைத் திரட்டி, சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டெபாலோ ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் சராசரி 54 விழுக்காடு என்று வந்தது. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். பயிற்சி பெற்றவர்களுக்கும் இதில் பெரிய சலுகை கிடைப்பதில்லை. 1971இல் சியாட்டில் நகரில், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் கூப்பிடும் தொலைபேசி உதவி மையத்தில், பின்னாளில் பல இளம்பெண்களைக் கொன்றவராக உலகம் அறிந்த டெட் பண்டியோடு பக்கத்து இருக்கையில் இரவுப்பணி பார்த்த பெண் ஒருவர், முன்னாள் காவல் அதிகாரி. அவருக்கு அன்று தெரிந்ததெல்லாம் அன்பான ஒரு மாணவன். அவரைக் கூப்பிட்டு அந்த நான்கு கேள்விகளைக் கேட்டிருந்தால், என்னைப் போலவேதான் பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு; அந்த ஆறுதலில் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று தருவேன். வேகமும் பதில் சொல்லும் பண்பும் நன்று. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவதை அவர்கள் உடனே மாற்ற வேண்டும். நீங்கள் பயன்படுத்துவதாக இருந்தால், ஒருவருக்குத் தெரிந்த எல்லாப் பெயர்களையும் முதலெழுத்தோடும் இல்லாமலும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் ‘எவை தேடப்படவில்லை’ என்ற பட்டியலை முதல் பக்கத்தில், அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று எழுதியனுப்பினேன். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் அதே நிறுவனத்திலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. எங்கள் பிரிவில் வேலை பார்த்து விலகிய ஒரு பெண்ணுக்காக, அதே நான்கு கேள்விகள். மூன்றாவதற்கு, “நான் பார்த்த வரையில், அலுவலக நேரத்தில், ஐயம் எதுவும் எழவில்லை” என்றேன். மறுமுனையில் சற்று நேரம் தட்டச்சு ஒலி நின்றது. “சார், உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன. எதைப் போடட்டும்?” என்று கேட்டார் அந்த இளைஞர். இல்லை என்று போடச் சொன்னேன்.