வேளச்சேரித் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கும்: பைஸ்விம், லேண்ட்லேப் ஒப்பீடு

வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க பைத்தான் நிரல்மொழியில் இலவசமாகக் கிடைப்பவற்றுள் இரண்டை, வடிகால் குழாய்களைக் கணக்கிடும் பைஸ்விம்மையும் (PySWMM) தரைமேல் ஓடும் நீரைக் கணக்கிடும் லேண்ட்லேப்பையும் (Landlab), சென்னை வேளச்சேரிக்குப் போட்டுப் பார்த்தேன். எதை எடுப்பது என்பது உங்கள் கையில் என்ன தரவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நிறுவுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் பைத்தானின் நிறுவும் கருவியான பிப்பில் (pip) ஒரே வரி. பைஸ்விம்மில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஸ்விம் (SWMM) வடிகால் கணக்கு எஞ்சினும் சேர்ந்தே வந்துவிடும். லேண்ட்லேப்புக்கு தரையின் உயரத் தரவைத் தயார் செய்ய ஜிடால் (GDAL) என்ற வரைபடக் கருவி தேவைப்படும். அதை மட்டும் கோண்டா-ஃபோர்ஜ் (conda-forge) என்ற இன்னொரு நிறுவும் தளம் வழியாகத் தனிச் சூழலில் போடுங்கள், பிப்பில் போராட வேண்டாம்.

லேண்ட்லேப் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மேலே மழையைக் கொட்டி, தண்ணீர் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடும். வடிகால் வரைபடம் இல்லாதவருக்கு இதுதான் தொடக்கம். நான் எஸ்ஆர்டிஎம் (SRTM) என்ற, விண்வெளியிலிருந்து அளந்த இலவச உயரத் தரவுக் கோப்பை அப்படியே கொடுத்தேன், ஓட்டம் நகரவே இல்லை. கட்ட அளவு 0.000277 என்று இருந்தது. அது டிகிரி. லேண்ட்லேப் அதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு நேரப் படியை (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரத்தை) மிகமிகச் சிறியதாக வெட்டிவிட்டது. மீட்டரில் அளக்கும் வரைபட முறையான யூடிஎம் (UTM) 44 வடக்குக்கு மாற்றியதும் கட்டம் சுமார் 30 மீட்டர் ஆகி, ஓட்டம் சீரானது. மழையையும் மீட்டர்/வினாடியில் தர வேண்டும்: மணிக்கு 50 மி.மீ. என்றால் 0.0000139.

ஆனால் தெரு அளவு முடிவுக்கு இதை நம்பக் கூடாது. சென்னை தட்டையான ஊர். எஸ்ஆர்டிஎம்மின் உயரப் பிழையே சில மீட்டர் வரும், கட்டட உயரமும் தரை உயரத்தோடு கலந்துவிடும். பூமிக்கடியில் ஓடும் குழாயோ இந்தக் கணக்கிலேயே இல்லை. பள்ளங்களை நிரப்பும் படியைக் கண்மூடி ஓட்டினால் ஏரிகளும் மேடாகிவிடும், அதையும் பாருங்கள்.

தெருவுக்கு என் தேர்வு பைஸ்விம். மேன்ஹோல், குழாய், அவற்றின் அடிமட்ட உயரம் எல்லாம் கேட்கும். அந்த எண்களைத் திரட்டுவதுதான் பாதி வேலை. மூடியைத் திறந்து நீங்களே அளக்கப் போகாதீர்கள், விஷவாயு ஆபத்து. மாநகராட்சியிடம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு அமைப்புகளை மறக்கவே கூடாது. ஒன்று, குழாயில் நீர் எதிர்த்திசையில் தள்ளப்படுவதையும் கணக்கிடும் டைனமிக் வேவ் (dynamic wave) முறை. கடல் ஏற்றத்தில் அடையாறு முகத்துவாரத்தில் நீர் வெளியேற முடியாமல் பின்னோக்கித் தேங்குவதை, எளிய முறையான கைனமேடிக் வேவ் (kinematic wave) காட்டாது. இன்னொன்று, தேக்கம் அனுமதி (allow ponding). அதை இயக்காவிட்டால் மேன்ஹோலில் பொங்கும் தண்ணீர் கணக்கிலிருந்தே காணாமல் போகும். தெருவில் முழங்கால் அளவு நிற்கும் நீரைக் கணினி இல்லையென்று சொல்லும். ஓட்டத்தின் நடுவே பம்பை இயக்கி நிறுத்தலாம் என்பது பைஸ்விம்மின் பெரிய பலம். சுரங்கப்பாதைக்கு எப்போது மோட்டார் போட வேண்டும் என்று சோதிக்கலாம்.

2015 டிசம்பர் 1 போன்ற நாளுக்கு மட்டும் தெரு வடிகால் மாதிரி போதாது. அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி திறப்பு. அந்த வெள்ளத்தில் ஆற்று நீரும் சேர்ந்திருந்தது. அதற்கு அடையாற்று நீரோட்டத்தையும் மாதிரியில் வெளியிலிருந்து சேர்த்தாக வேண்டும்.